பத்து நிமிஷம் ஒரே முகம்: லாட்வியா சினிமா பத்தி உங்க கேள்விகள்

பழைய லாட்வியப் படங்கள் பத்தி போன இதழ்ல ரெண்டு பத்திதான் எழுதினேன். அதுக்கு இத்தனை கேள்வி வரும்னு எதிர்பாக்கல. ஒரே மாதிரி வந்ததையெல்லாம் சேர்த்து ஒரு கேள்வியாக்கி இங்க பதில் போடுறேன்.

கேள்வி: சார், அந்த பூனைப் படம் ‘ஃப்ளோ’ 2025ல ஆஸ்கர் வாங்கினப்புறம்தான் லாட்வியாவுல படம் எடுக்கிறாங்கன்னே எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி அங்க சினிமான்னு ஒண்ணு இருந்துச்சா? பழசு பாக்கணும்னா எதுல ஆரம்பிக்கிறது?

நல்லாவே இருந்துச்சுங்க. மொத்த ஜனத்தொகையே இன்னிக்கு 20 லட்சத்துக்குக் கீழதான், ஆனா 1930லயே முழு நீளப் படம் எடுத்த ஊரு. சோவியத் யூனியன்ல இருந்த காலத்துல, தலைநகர் ரீகாவுல ரீகா ஃபிலிம் ஸ்டூடியோன்னு பெரிய ஸ்டூடியோ, அதுல கதைப்படம், டாக்குமெண்டரி, பொம்மைப் படம்னு எல்லாமே எடுத்தாங்க.

எதுல ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா எனக்கு ஒரே பதில்தான், 1978ல ஹெர்ட்ஸ் ஃப்ராங்க் எடுத்த ‘பத்து நிமிஷம் மூத்தவன்’. பேர்ல இருக்கிற மாதிரியே பத்து நிமிஷம்தான் படம். இருட்டுல கொஞ்சம் குழந்தைங்க உக்காந்து பொம்மலாட்டம் பாக்குறாங்க, கேமரா அதுல ஒரு சின்னப் பையன் முகத்துல போய் நிக்குது, அதுக்கப்புறம் அவனை விட்டு நகரவே மாட்டேங்குது, கட்டே கிடையாது, வசனம் கிடையாது, மேடையில என்ன நடக்குதுன்னு ஒரு தடவை கூட காட்டல. பையன் பயப்படுறான், உதடு துடிக்குது, அழுதுடுவான் போல இருக்கு, சட்டுன்னு முகம் மலருது, மறுபடியும் கண்ணு விரியுது. மேடையில யாரு நல்லவன் யாரு கெட்டவன்னு நமக்குத் தெரியாது, ஆனா அவன் மனசுக்குள்ள ரெண்டும் முட்டி மோதுறது அப்படியே தெரியுது. அந்தக் காலத்து 300 மீட்டர் ஃபிலிம் சுருள் பத்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல ஓடும், சுருள் முடிஞ்சா ஷாட்டும் முடிஞ்சுது. அந்த நேரத்துக்குள்ள ஒரு மனுஷன் வளர்றதைப் பாத்துடலாம்னு ஒருத்தர் நம்பினாரு பாருங்க, அந்த நம்பிக்கை எனக்கு ரொம்பப் பெருசா படுது.

பூனைப் படத்துலயும் ஒரு வார்த்தை வசனம் கிடையாதுல்ல? இதைப் பாத்துதான் அதை எடுத்தாங்கன்னு நான் சொல்ல வரல. ஆனா பேசாம பாத்துக்கிட்டே இருக்கிற பழக்கம் அந்த ஊர் சினிமாவுல ரொம்ப நாளா இருக்கு. ‘ஃப்ளோ’ பிடிச்சவங்களுக்கு இந்தப் பத்து நிமிஷம் கண்டிப்பா பிடிக்கும்.

கேள்வி: அங்க ‘கவித்துவ டாக்குமெண்டரி’ன்னு ஒரு வகை இருக்காம். டாக்குமெண்டரின்னா தகவல் சொல்றதுதானே, அதுல என்ன கவித்துவம்?

இது புரியணும்னா அதுக்கு முன்னாடி அங்க டாக்குமெண்டரி எப்படி இருந்துச்சுன்னு தெரியணும். சோவியத் காலத்து நியூஸ் ரீல்ல டிராக்டர் ஓடும், ஃபேக்டரி புகை விடும், மேல ஒரு கணீர் குரல் இத்தனை டன் விளைஞ்சது, திட்டத்தை முன்கூட்டியே முடிச்சாச்சுன்னு படம் முழுக்க பேசிக்கிட்டே இருக்கும். நீங்க பாக்குறதுக்கு என்ன அர்த்தம்ங்கிறதை அந்தக் குரல்தான் முடிவு பண்ணும், உங்களுக்கு அதுல வேலையே இல்ல.

1961ல ரீகாவுல மூணு இளைஞர்கள் சேர்ந்து அந்தக் குரலையே எடுத்துப் போட்டாங்க. ‘வெள்ளை மணிகள்’னு ஒரு குறும்படம், இவார்ஸ் க்ரௌலீடிஸ் டைரக்‌ஷன், உல்திஸ் ப்ரவுன்ஸ் கேமரா, எழுதினது நம்ம ஹெர்ட்ஸ் ஃப்ராங்க். ஒரு குட்டிப் பொண்ணு வெள்ளை மணிப்பூவுக்காக ரீகா நகரத்துக்குள்ள அலையுறா, அவ்வளவுதான் கதை. பெரிய கட்டடம், வண்டிங்க, ரோடு போடுற ரோலர், அதுக்கு நடுவுல அவளும் அந்தப் பூவும். கறாரா பாத்தா அது டாக்குமெண்டரியே இல்ல, அந்தப் பொண்ணை நடிக்க வெச்சுத்தான் எடுத்தாங்க, ஆனா நகரம் நிஜ நகரம். அதைப் பாத்தப்புறம் ரீகாவுல டாக்குமெண்டரி எடுத்தவங்க பார்வையே மாறிப்போச்சு.

அடுத்து 1967. ரஷ்யப் புரட்சியோட 50வது வருஷத்துக்குப் படம் எடுக்கச் சொல்லி உத்தரவு வருது. ப்ரவுன்ஸ் ‘235 000 000’னு ஒரு படம் எடுத்தாரு, சோவியத் நாட்டோட அன்னைக்கு ஜனத்தொகைதான் தலைப்பு, இதையும் எழுதினது ஃப்ராங்க்தான். நாடு முழுக்க போய் கல்யாணம், பிரசவம், ரயில்வே ஸ்டேஷன்ல வழியனுப்புறது, வேலை முடிச்சு வீட்டுக்குத் திரும்புறதுன்னு எடுத்துட்டு வந்தாங்க, பின்னணிக் குரலே கிடையாது. அரசாங்கம் தன்னைக் கொண்டாடக் கேட்ட படத்துல இவங்க சாதாரண ஜனங்க முகத்தைக் கொண்டாடியிருக்காங்க. தலைவருங்க வர்ற இடமும் அதுல உண்டு, ஆனா படம் முடிஞ்சு நாலு நாள் ஆனாலும் மனசுல நிக்கிறது கல்யாணப் பொண்ணு முகம்தான்.

கவித்துவம்னு பேர் வெச்சது விமர்சகருங்க. என்னைக் கேட்டா அது பாக்குறவனுக்குக் கொடுத்த மரியாதை, நீயே பாரு, நீயே புரிஞ்சுக்கோன்னு விட்டுடுறது. ஒவ்வொரு வார்த்தையையும் சென்சார் பண்ற ஊர்ல ஒரு முகத்தை என்னன்னு சென்சார் பண்ணுவாங்க சொல்லுங்க.

கேள்வி: முதல் லாட்வியப் படம் எது?

முக்கியமான முதல் பெரிய படம்னா 1930ல வந்த ‘லாச்ப்ளேசிஸ்’, அலெக்சாந்தர்ஸ் ருஸ்தெய்க்கிஸ் எடுத்த ஊமைப்படம். லாச்ப்ளேசிஸ்னா கரடியைக் கிழிச்சவன்னு அர்த்தம், 1888ல ஆந்த்ரேய்ஸ் பும்புர்ஸ் எழுதின காவியத்தோட நாயகன் அவன், அவனுக்கு கரடிக்காது, பலமெல்லாம் அந்தக் காதுலதான். படத்துல புராணக் கதையும் 1905 புரட்சி, முதல் உலகப்போர், 1919 சுதந்திரப் போர் எல்லாமும் ஒண்ணா பின்னி வரும், காவியத்துல வர்ற கறுப்பு வீரன்தான் இங்க எதிரி. 1919 நவம்பர் 11ல ரீகாவைக் காப்பாத்தின நாளை இன்னிக்கும் லாச்ப்ளேசிஸ் தினம்னுதான் சொல்றாங்க. இதுல கதாநாயகியா நடிச்ச லிலிதா பேர்ஸின்யாவை ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ மறுபடியும் வருவாங்க.

பேசும் படத்துல முதல் முழுநீளப் படம் ‘மீனவன் மகன்’, 1940 ஆரம்பத்துல ரிலீஸ், டைரக்டர் வில்லிஸ் லபெனியெக்ஸ். கடலோரம், வலை, இடைத்தரகர் பிடியை உதறிட்டு நிக்கிற ஒரு இளம் மீனவன். ஜனங்க கூட்டம் கூட்டமா வந்து பாத்தாங்க. அதே வருஷம் சோவியத் ராணுவம் உள்ள வந்துடுச்சு, இந்தப் படத்துக்கு மூலமான நாவலை எழுதின வில்லிஸ் லாட்ஸிஸ் சோவியத் லாட்வியா அரசுக்கே தலைவரானாரு, 1959 வரைக்கும் அந்தப் பதவியிலதான் இருந்தாரு. 1949 மார்ச்ல 42,000 பேருக்கு மேல சைபீரியாவுக்கு ஏத்தி அனுப்பினாங்களே, அது அவரோட அரசு நடந்தப்பதான். அந்தப் படத்தை எப்பப் பாத்தாலும் இது என் தலைக்குள்ள ஓடிக்கிட்டேதான் இருக்கு, தனியா ஒதுக்கி வெச்சுட்டுப் பாக்க எனக்கு வரல.

கேள்வி: அண்ணே, இருபது வருஷம் பெட்டிக்குள்ளயே கிடந்த ஒரு படம்னு எழுதியிருந்தீங்க, அதோட கதை என்ன, ஏன் தடை பண்ணாங்க?

‘நாலு வெள்ளைச் சட்டை’. 1967ல ரோலண்ட்ஸ் கல்னின்ஷ் எடுத்து முடிச்சாரு, 1986 வரைக்கும் தியேட்டருக்கு வரல.

ஹீரோ ஒரு டெலிஃபோன் மெக்கானிக், பேரு சேசார்ஸ், நடிச்சது உல்திஸ் பூட்ஸீடிஸ். பகல்ல வீடு வீடா போய் ஃபோன் மாட்டுவான், மத்த நேரம் பாட்டு எழுதுவான், ஃப்ரெண்ட்ஸோட ஒரு பேண்ட் வெச்சிருக்கான். கலாச்சாரத் துறையில இருக்கிற ஒரு அம்மா அந்தப் பாட்டுகளைக் கேட்டுட்டு வரிகள் சரியில்லன்னு ஒரு புகார் கிளப்புறாங்க. அவங்க கெட்டவங்க இல்லீங்க, மனசார நல்லது செய்யறதா நினைச்சுத்தான் செய்யறாங்க, ஆனா அந்த ஒரு புகார் கமிட்டி கமிட்டியா ஏறி இறங்கி பெருசாகிப் போச்சு, பேண்டால பாடவே முடியல. கடைசியில அந்த அம்மாவே பதறிப் போய் இதை எப்படி நிறுத்தறதுன்னு தவிக்கிறாங்க, நிறுத்த முடியல. எனக்கு இந்தப் படத்துல ரொம்பப் பிடிச்சது அந்த இடம்தான், கையெழுத்துப் போட்ட கையே திரும்பப் பிடிச்சு இழுத்தாலும் அந்தக் காகிதம் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கு.

அப்புறம் பாருங்க, கதைக்குள்ள பாட்டுக்கு என்ன நடந்துச்சோ அதுவே வெளிய படத்துக்கும் நடந்துச்சு. தலைப்பை ‘ஆழமா மூச்சு விடுங்க’ன்னு மாத்திப் பாத்தாங்க, அப்பவும் விடல. ஆனா இமண்ட்ஸ் கல்னின்ஷ் போட்ட பாட்டுகளை எந்தப் பெட்டியில பூட்டறது? ‘அவங்க ஒரு கோடை காலம் ஆடினாங்க’ன்னு ஒரு பாட்டு, படம் பாக்காத ஜனங்ககூட வாய்ப்பாடமா பாடினாங்க. இசையமைப்பாளரும் டைரக்டரும் ஒரே குடும்பப் பேருங்கிறதால சொந்தக்காரங்கன்னு நினைச்சுடாதீங்க, கல்னின்ஷ் அங்க ரொம்பச் சாதாரணமான பேரு, படத்துல ஹீரோவுக்கே அதுதான் குடும்பப் பேரு.

இதுக்கு முந்தின அவரோட ‘கல்லும் சிதறலும்’ படத்தையும் விட்டு வைக்கல. ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன் பக்கம் நின்னு சண்டை போட்ட லாட்விய வீரர்களைப் பத்தின படம் அது, சென்சார் கத்தி போட்டு பேரையும் மாத்தித்தான் வெளிய விட்டாங்க. ஒரு கலைஞனோட நாப்பதுகள், சக்தி முழுசா இருக்கிற வயசு, இப்படியே போச்சு. 2018ல ஃப்ரான்ஸ்ல நடக்கிற கான் திரைப்பட விழாவுல பழைய கிளாசிக் படங்களுக்கான பிரிவுல ‘நாலு வெள்ளைச் சட்டை’யைப் போட்டாங்க, அப்ப அவருக்கு 96 வயசு. 2022ல, நூறு வயசைத் தொட்டுட்டுத்தான் போனாரு.

கேள்வி: கார் ஜெயிச்ச பாட்டி படம்னு ஒண்ணு வருஷா வருஷம் அங்க டிவியில போடுவாங்களாமே?

‘மிட்சம்மர் ராத்திரி நிறத்துல ஒரு லிமோசின்’, 1981, டைரக்டர் யானிஸ் ஸ்ட்ரெய்ச்ஸ். ஜூன் 23 ராத்திரி லாட்வியாவுல யானின்னு ஒரு பெரிய பண்டிகை, ஓக் இலையில கிரீடம் கட்டித் தலையில வெச்சுக்குவாங்க, சீரகம் மாதிரி ஒரு விதை போட்ட சீஸும் பீரும் இருக்கும், விடியற வரைக்கும் தீ மூட்டி ‘லீகோ லீகோ’ன்னு பாடுவாங்க. 1959க்கு அப்புறம் கொஞ்ச வருஷம் கம்யூனிஸ்ட் கட்சி இந்தப் பண்டிகையையே அமுக்கப் பாத்துச்சு. அதனால படத்தோட தலைப்புலயே அந்த ராத்திரி பேர் இருக்கிறது அந்த ஜனங்களுக்குச் சின்ன விஷயம் இல்ல.

கிராமத்துல தனியா இருக்கிற மிர்தா பாட்டிக்கு லாட்டரியில ஒரு ஜிகுலி கார் விழுது. அந்த நாட்டுல அப்ப காசு இருந்தாலும் காருக்கு வருஷக்கணக்குல வரிசையில நிக்கணும். இத்தனை நாளா எட்டிப் பாக்காத சொந்தமெல்லாம் புல்லு வெட்டித் தரேன், வேலி கட்டித் தரேன்னு கிளம்பி வந்துடுறாங்க. பாட்டிக்கு எல்லாம் புரியுது, ஆனா யாரையும் திட்டல, எல்லாருக்கும் சோறு போடுறாங்க, வந்தவங்க முகத்தை ஒண்ணொண்ணா பாத்துக்கிட்டே இருக்காங்க. சிரிச்சுக்கிட்டே பாத்துட்டு இருப்பீங்க, முடிவுல நெஞ்சு கனத்துடும், முடிவை நான் சொல்ல மாட்டேன். இசை ரைமண்ட்ஸ் பவுல்ஸ்.

அந்த மிர்தா பாட்டியா நடிச்சது யாருன்னா, மேல சொன்னேனே, 1930 ‘லாச்ப்ளேசிஸ்’ கதாநாயகி லிலிதா பேர்ஸின்யா, அவங்கதான்! ஊமைப்படத்துல இருபதுகள்ல இருக்கிற பொண்ணு, இதுல எழுபதுகள்ல இருக்கிற பாட்டி. நடுவுல சுதந்திர லாட்வியா போச்சு, ஜெர்மன்காரன் வந்தான் போனான், சோவியத் வந்து உக்காந்துச்சு, அவங்க நாடக மேடையில நடிச்சுக்கிட்டே இருந்தாங்க. படம் வந்து ரெண்டு வருஷத்துல, 1983ல, இறந்துட்டாங்க. முடிஞ்சா ரெண்டு படத்தையும் ஒரே நாள்ல பாருங்க, அந்தக் கண்ணு மாறவே இல்ல.

கேள்வி: ஷெர்லாக் ஹோம்ஸ் பழைய ரஷ்ய சீரியல் ரீகாவுலதான் எடுத்தாங்கன்னு சொல்றது நிஜமா?

நிஜம்தான். பழைய ரீகாவுல யௌனியெலான்னு ஒரு தெரு, அதுதான் அந்த சீரியல்ல லண்டன் பேக்கர் தெரு. அதே தெரு 1973ல வந்த ‘வசந்தத்தின் பதினேழு கணங்கள்’ உளவாளி சீரியல்ல ஸ்விட்சர்லாந்து பெர்ன் நகரமா வந்துச்சு. மாஸ்கோக்காரங்களுக்கு மேற்கு ஐரோப்பா வேணும்னா ரீகாவுக்கு வந்துடுவாங்க.

கேள்வி: இலக்கியத்தைப் படமாக்கினதுல எது தேறும்?

குனார்ஸ் பியெசிஸோட ரெண்டு படம். ஒண்ணு ‘மரணத்தின் நிழலில்’, 1971, ருடால்ஃப்ஸ் ப்ளௌமானிஸ் எழுதின கதை. மீன் பிடிக்கப் போனவங்க நிக்கிற பனிக்கட்டி கரையை விட்டு உடைஞ்சு கடலுக்குள்ள நகர ஆரம்பிச்சிடுது. சாப்பாடு தீருது, பனி ஓரம் உடைஞ்சுக்கிட்டே வருது, கடைசியில காப்பாத்த ஒரு படகு வருது, ஆனா அதுல எல்லாருக்கும் இடம் இல்ல, சீட்டுக் குலுக்கிப் போட வேண்டியதாகுது. வெள்ளைப் பனி, கறுப்புத் தண்ணி, மனுஷ முகம், வேற ஒண்ணும் இல்லாம ஒரு முழுப்படம்.

இன்னொண்ணு ‘வீசு காத்தே’, 1973, கவிஞர் ரைனிஸோட நாடகம். அநாதைப் பொண்ணு பைபா, தாவ்கவா ஆத்துல படகுல வர்ற உல்திஸ். இதுல பேசுறதே நாட்டுப்பாட்டு தாளத்துலதான் இருக்கும், சப்டைட்டில்ல பாதி போயிடும், அதனால கண்ணை மூடி அஞ்சு நிமிஷம் சத்தத்தை மட்டும் கேட்டுப் பாருங்க. நாலு வரி நாட்டுப்பாட்டை அங்க தைனான்னு சொல்வாங்க, க்ரிஷ்யானிஸ் பரோன்ஸ்னு ஒருத்தர் அதுல 2 லட்சத்துக்கு மேல தொகுத்து வெச்சாரு, அந்த ஊத்துல இருந்து வந்த படம் இது. தலைப்பா இருக்கிற பாட்டையே சோவியத் காலத்துல தேசியகீதம் மாதிரி எழுந்து நின்னு பாடினாங்க.

நடிப்புக்காகவே பாக்கணும்னா வியா ஆர்த்மனே. அதே ஸ்ட்ரெய்ச்ஸ் 1978ல சோமர்செட் மாம் நாவலை ‘தியேட்டர்’னு எடுத்தாரு, அதுல வயசு ஏறிக்கிட்டு வர்ற நடிகை ஜூலியா லாம்பர்ட்டா இவங்கதான். மேடையிலயும் வீட்லயும் நடிச்சுக்கிட்டே இருக்கிற பொம்பளை, எது நிஜம்னு அவங்களுக்கே எப்பவாவதுதான் தெரியும்.

கேள்வி: நான் காலேஜ்ல ஃபிலிம் படிக்கிறேன். போட்னியெக்ஸ் டாக்குமெண்டரி ஒண்ணு சோவியத்தையே உலுக்குச்சுன்னு எங்க மேடம் சொன்னாங்க. அப்படி என்ன இருக்கு அதுல?

யூரிஸ் போட்னியெக்ஸ், ‘இளமையா இருக்கிறது சுலபமா?’, 1986. முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன் மா, மேல சொன்ன பத்து நிமிஷப் படத்துக்கு கேமரா பிடிச்சவரே இவர்தான். முகத்தைப் பாத்துக்கிட்டே இருக்கிறதை அங்க கத்துக்கிட்டாரு, இங்க அந்த முகங்களைப் பேசவும் வெச்சாரு.

1985ல ஓக்ரே ஊர்ல பெர்கோன்ஸ்ங்கிற ராக் பேண்டோட கச்சேரி, பெர்கோன்ஸ்னா இடி. கச்சேரி முடிஞ்சு ரயில்ல திரும்பினப்ப பசங்க பெட்டியை அடிச்சு நொறுக்கிட்டாங்க. கேஸ் நடந்து ஒரு பையனுக்கு 3 வருஷ ஜெயில். படம் அந்தக் கச்சேரியிலதான் ஆரம்பிக்குது, பாட்டுல மெய்மறந்து நிக்கிற பசங்க முகம், அடுத்து கோர்ட்ல அதே வயசு முகங்க. அங்கிருந்து வேற வேற இளைஞர்கள்கிட்ட போறாரு, பங்க் தலைமுடிக்காரங்க, பிணவறையில வேலை பாக்குற பையன், கிருஷ்ண பக்தி பக்கம் போனவங்க, அப்புறம் ஆஃப்கானிஸ்தான் போருக்குப் போய் திரும்பின பசங்க. அந்தப் போரைப் பத்தி யாரும் வெளிப்படையா வாயைத் திறக்காத காலம். இருபது வயசுப் பையன் கேமராவைப் பாத்து என்னால பழையபடி வாழ முடியலங்கிற மாதிரி பேசறான், போட்னியெக்ஸ் அறிவுரை எதுவும் சொல்லல, கேள்வி கேட்டுட்டு காத்துக்கிட்டு இருக்காரு. படிக்கிறவங்க கவனிக்க வேண்டியது அந்தக் காத்திருப்பைத்தான், பதில் முடிஞ்சப்புறமும் கேமரா கொஞ்ச நேரம் நிக்கும், நிஜமான பதில் அப்பத்தான் வரும். கெடுபிடியைத் தளர்த்தின சோவியத் தலைவர் கோர்பச்சேவ் காலம் அப்பத்தான் தொடங்கியிருந்துச்சு, சோவியத் முழுக்க தியேட்டர் வாசல்ல வரிசை நின்னுச்சு. இளைஞர்கள் கடலுக்குள்ள இறங்கி நிக்கிறதோட படம் முடியுது.

அதுக்கப்புறம் நடந்ததையும் சொல்லணும். 1991 ஜனவரி 20, சுதந்திரம் கேட்டு ஜனங்க ரீகாவுல தடுப்பு கட்டி நின்ன நாட்கள், சோவியத் சிறப்புப் போலீஸ் உள்துறை அமைச்சகத்தைத் தாக்குது. போட்னியெக்ஸ் குழு பக்கத்துல பூங்காவுல படம் பிடிச்சுட்டு இருந்துச்சு. கேமராமேன் ஆந்த்ரிஸ் ஸ்லாபின்ஷ் குண்டு பட்டு அங்கயே போயிட்டாரு, க்விடோ ஸ்வாய்க்ஸ்னே ரெண்டு வாரம் கழிச்சு ஆஸ்பத்திரியில இறந்தாரு. ஸ்லாபின்ஷ் சைபீரியாவுல ஷாமன்கள்ங்கிற பழங்குடிப் பூசாரிகளைத் தேடிப் போய் அரிய படங்கள் எடுத்தவரு. அவங்க விழுந்த பாஸ்தெய்கல்ன்ஸ் பூங்காவுல இன்னிக்கும் நினைவுக்கல் இருக்கு. அடுத்த வருஷம், 1992 ஜூன் 23, அதே யானி பண்டிகை நாள், போட்னியெக்ஸ் ஒரு ஏரியில டைவிங் போனவரு திரும்பி வரல, வயசு 41தான். இதை எழுதறப்ப இன்னும் கஷ்டமாத்தான் இருக்கு.

கேள்வி: இதெல்லாம் எங்க கிடைக்கும்? வேற ஒரு டாக்குமெண்டரி சொல்லணும்னா எதைச் சொல்வீங்க?

லாட்வியா தேசிய ஃபிலிம் சென்டர் ‘ஃபில்மாஸ்’னு ஒரு தளம் வெச்சிருக்காங்க, பழைய படங்களை நல்லா சுத்தம் பண்ணி இலவசமா போட்டிருக்காங்க, ஆனா நிறைய படம் லாட்வியாவுக்குள்ள இருந்தாத்தான் திறக்கும். ஃபிலிம் சொசைட்டில இருக்கிறவங்க தூதரகத்துக்கு எழுதிக் கேட்டுப் பாருங்க, கேட்டா என்ன குறைஞ்சுடும்.

வேற ஒண்ணுன்னா இவார்ஸ் செலெட்ஸ்கிஸோட ‘ஷ்கேர்ஸியெலா’, குறுக்குத் தெருன்னு அர்த்தம், 1988. ரீகா ஓரத்துல ஒரே ஒரு தெரு, அதுல இருக்கிற வீடுகள், சண்டை, தோட்டம், பழைய காயம், சைபீரியா போய் வந்த ஞாபகம். ஐரோப்பிய சினிமா விருது வாங்கின படம். செலெட்ஸ்கிஸ் அதோட விடல, அதே தெருவுக்குத் திரும்பிப் போய் 1999ல ஒண்ணு, 2013ல இன்னொண்ணுன்னு எடுத்தாரு, கடைசிப் படத்துக்குத் தலைப்பே ‘குறுக்குத் தெருவில் கேப்பிடலிசம்’. மூணையும் ஒரே வாரத்துல வரிசையா பாருங்க, முதல் படத்துல வேலி ஓரமா நின்னு பேசினவங்கள்ல சில பேரு மூணாவது படத்துல நரைச்ச தலையோட அதே தெருவுல வந்து நிப்பாங்க.